சாலைக் கேமராவும் நூலிழைத் தப்பல்களும்: வாசகர் கேள்வி – பதில்

சந்திப்புகளில் ஓடிக்கொண்டிருக்கும் கேமராப் பதிவுகளைக் கொண்டு விபத்தைக் குறைக்க முடியுமா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். போக்குவரத்துப் பொறியியலும் வீடியோப் பகுப்பாய்வும் அறிந்தவர்கள் எழுதிய பதில்கள் இங்கே.

கே: எங்கள் ரவுண்டானாவில் எல்லாப் பக்கமும் கேமரா இருக்கிறது. விபத்து நடந்த பிறகு போலீஸ் வந்து பதிவைப் பார்ப்பதோடு சரி. நடக்காமல் தடுக்க அதே கேமரா உதவாதா?
(வணிகர் சங்க உறுப்பினர், கிருஷ்ணகிரி)

உதவும். ஆனால் அதற்குக் கேமராவில் விபத்தைத் தேடக் கூடாது. விபத்து ஆகாமல் போனவற்றைத் தேட வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்', அதாவது அடிக்கடி விபத்து நடக்கும் இடம். உங்கள் ரவுண்டானாவில் மூன்று ஆண்டில் மூன்று விபத்து என்றால் பட்டியலில் ஏறாது. ஆனால் திரும்பும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து நூலிழையில் தப்பும் பைக்குகளை அங்கே டீக்கடை வைத்திருப்பவர் தினமும் பார்க்கிறார். அவர் பார்ப்பதை அளந்து எண்ணிக்கையாக்குவதுதான் வீடியோப் பகுப்பாய்வு.

அளக்க இரண்டு முறைகள் உண்டு. முதலாவது மோதலுக்கு மிச்சமிருக்கும் நேரம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வரும் பைக் விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. 12 மீட்டர் முன்னால் ஒரு பஸ் குறுக்கே நிற்கிறது என்றால், யாரும் எதுவும் செய்யாவிட்டால் 1.2 விநாடியில் மோதல். 1.5 விநாடிக்குக் கீழே போனால் ஆபத்து என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாவது, ஒரே இடத்தை முதல் வண்டி விட்டு விலகிய கணத்துக்கும் அடுத்த வண்டி அங்கே வந்து சேர்ந்த கணத்துக்கும் உள்ள இடைவெளி. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். விஎல்சி பிளேயரில் ஆங்கில 'ஈ' விசையைத் தட்டினால் காட்சி ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். விநாடிக்கு 25 ஃபிரேம் பதிவில் இரண்டுக்கும் நடுவே 22 ஃபிரேம் இருந்தால் இடைவெளி 0.88 விநாடி.

நம் ஊருக்கு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரத்தை மட்டும் பார்த்தால் ரவுண்டானாவில் ஓடும் வண்டிகளில் பாதி ஆபத்தாகத் தெரியும், ஏனென்றால் இங்கே எல்லோரும் உரசிக்கொண்டுதான் போகிறார்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் 0.9 விநாடி இடைவெளி வெறும் நெரிசல். 40 கி.மீ. வேகத்தில் அதே 0.9 விநாடி வேறு கதை. வேகம் 4 மடங்கு என்றால் மோதும் ஆற்றல் 16 மடங்கு. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன் 1987இல் வகுத்துக்கொடுத்த முறையும் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்தே தீவிரத்தைக் கணிக்கிறது. அந்தக் காலத்தில் ஆட்கள் சாலையோரம் நின்று கண்ணால் பார்த்துக் குறித்தார்கள். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரம் 40 சந்திப்புகளில் ஏற்கெனவே இருந்த போக்குவரத்துக் கேமராக்களின் சுமார் 4,500 மணி நேரப் பதிவை இப்படி அலசி, எந்தச் சந்திப்பில் எந்தத் திருப்பம் ஆபத்து என்று வரிசைப்படுத்தியது. புதிய விபத்துகளுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டியதில்லை.

கே: நகரில் ஏற்கெனவே உள்ள சிசிடிவி பதிவே போதுமா, புதிதாகக் கேமரா வாங்க வேண்டுமா?
(நகராட்சி ஊழியர், தருமபுரி)

பெரும்பாலான பழைய கேமராக்கள் ஆள் முகமும் நம்பர் பிளேட்டும் தெரிய வேண்டும் என்று தாழ்வாக மாட்டப்பட்டவை. மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு டவுன் பஸ் வந்து நின்றதும் அதன் பின்னால் உள்ள நாலு டூவீலரும் மறைந்துவிடும். ஆய்வுக்கு 7 முதல் 10 மீட்டர் உயரம் வேண்டும். சந்திப்பை ஒட்டிய கட்டடத்தின் மொட்டை மாடி கிடைத்தால் இன்னும் நல்லது. கிழக்கையோ மேற்கையோ பார்த்து மாட்டினால் காலையிலும் மாலையிலும், அதாவது நெரிசல் உச்சத்தில், வெயில் லென்ஸில் இறங்கிப் படம் வெளுத்துவிடும். வடக்கு அல்லது தெற்குப் பார்வை வையுங்கள். நான்கு ரோடு போன்ற பெரிய சந்திப்புக்கு எதிரெதிர் மூலைகளில் இரண்டு கேமராவாவது தேவை.

நிரந்தரமாகப் பொருத்த வேண்டும் என்றும் இல்லை. ஒரு வாரம், காலை 6 முதல் இரவு 10 வரை பதிவு செய்தால் முதல் ஆய்வுக்குப் போதும். அந்த வாரத்தில் எங்கள் பகுதிக்கே உரிய நாட்கள் விடுபடக் கூடாது: காரிமங்கலம் என்றால் செவ்வாய்ச் சந்தை, போச்சம்பள்ளி என்றால் ஞாயிற்றுச் சந்தை, பென்னாகரம் ரோடு என்றால் ஒகேனக்கலுக்கு வண்டிகள் போகும் ஞாயிறு. மாம்பழக் காலத்தில் எடுத்த பதிவையும் மற்ற மாதப் பதிவையும் ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள். சாலையில் ஓடும் வண்டிகளே வேறு.

சேமிப்புக் கணக்கு எளிது. விநாடிக்கு 4 மெகாபிட் ஓட்டத்தில் ஒரு கேமரா 24 மணி நேரமும் ஓடினால் நாளொன்றுக்கு 43 ஜிபி எடுக்கும். இரண்டு கேமரா, ஏழு நாள் என்றால் சுமார் 600 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க் போதும். டிவிஆர் பெட்டி நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே எழுதிவிடும் என்பதால் அன்றன்றைக்கே நகல் எடுங்கள். மூலக் கோப்பை அப்படியே எடுக்க வேண்டும். செல்போனில் அனுப்பிச் சுருங்கிய பிரதி எதற்கும் ஆகாது. கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுப்பதானால் கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

கே: இறுதியாண்டு புராஜெக்டுக்கு யோலோ (படத்தில் வண்டிகளைக் கண்டறியும் மென்பொருள்) வைத்து வண்டிகளின் வேகத்தைக் கணக்கிடுகிறோம். நெரிசலான தெருவில் சைக்கிள்கூட 60 கி.மீ. காட்டுகிறது. எங்கே தவறு?
(பொறியியல் மாணவர், பர்கூர்)

மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் ஃபிரேம் கணக்கு. கேமரா 25 என்று சொன்னாலும் நெட்வொர்க் திணறும்போது 20தான் வந்து சேரும். நீங்கள் 25 என்றே வகுத்தால் 40 கி.மீ. வேகம் 50 ஆகிவிடும். ஃபிரேம் எண்ணை நம்பாமல், ஒவ்வொரு ஃபிரேமுடன் வரும் நேர முத்திரையைப் பயன்படுத்துங்கள். இரண்டு கேமரா என்றால் இரண்டின் கடிகாரமும் ஒரே நேர சர்வரோடு இணைந்திருக்க வேண்டும்.

அடுத்தது அளவீடு. பெரும்பாலான புராஜெக்ட் விழுவது இங்கேதான். படத்தில் கீழே ஒரு பிக்சல் 2 சென்டிமீட்டர் என்றால் தொலைவில் அதே பிக்சல் கால் மீட்டர்கூட ஆகலாம். எனவே படத்தின் புள்ளிகளைத் தரையின் புள்ளிகளோடு பொருத்தும் உருமாற்றத்தைக் கணக்கிட வேண்டும். கணிதத்துக்கு 4 புள்ளிகள் போதும்; நீங்கள் 8 முதல் 10 எடுங்கள். ஜீப்ரா கோட்டின் மூலைகள், மீடியனின் முனை, சாக்கடை மூடியின் விளிம்பு என்று அசையாத இடங்களை டேப் வைத்து அளவெடுங்கள். போக்குவரத்து குறைந்த அதிகாலையில், காவலரிடம் சொல்லிவிட்டு, பளிச்சிடும் ஜாக்கெட் அணிந்து இதைச் செய்ய வேண்டும். அளந்ததில் மூன்று புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அவை 30 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் மறுபடி அளக்க வேண்டும். அகல லென்ஸின் வளைவை முதலில் நேராக்காவிட்டால் படத்தின் ஓரங்களில் பிழை பெருகும். இந்த உருமாற்றம் தரை ஒரே தளமாக இருக்கும் வரைதான் செல்லும்; மேம்பாலத்தின் ஏற்றமும் இறக்கமும் ஒரே படத்தில் இருந்தால் இரண்டாகப் பிரித்து அளவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு பைக்கை 30 கி.மீ. வேகத்தில் ஓட்டவிட்டு, ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடுங்கள்.

வண்டியைச் சுற்றி யோலோ வரையும் கட்டத்தின் நடுப்புள்ளியையும் எடுக்காதீர்கள். அது தரையில் இல்லை. லாரிக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். கட்டத்தின் கீழ் விளிம்பின் நடுவை எடுங்கள். வேகத்துக்கு அது போதும், மோதல் நேரத்துக்குப் போதாது: திரும்பும் பஸ்ஸில் மோதப்போவது அதன் மூலை. பஸ், லாரிக்கு முப்பரிமாணக் கட்டமோ, தரையில் நீள அகலம் வரைந்த செவ்வகமோ வேண்டும்.

மூன்றாவது, அடையாளம் மாறிப்போவது. பஸ்ஸின் பின்னால் மறைந்த இரண்டு பைக்குகள் வெளியே வரும்போது, ஒவ்வொரு வண்டிக்கும் எண் கொடுத்துப் பின்தொடரும் டிராக்கர் நிரல் எண்களை மாற்றிக் கொடுத்துவிடும். கணக்கில் ஒரு பைக் ஒரே ஃபிரேமில் ஐந்து மீட்டர் தாவும். உங்கள் சைக்கிளின் 60 கி.மீ. வேகத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஒரு ஃபிரேமுக்குள் நடக்க முடியாத தாவல்களைத் தள்ளிவிட்டு, அரை விநாடி அளவுக்குப் பாதையை மென்மையாக்கி, பிறகு வேகம் காணுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிப்பதில்லை. யோலோவோடு வரும் ஆயத்த மாதிரி பயின்ற 'கோகோ' என்ற படத் தொகுப்பில் 80 வகைப் பொருள்கள் இருக்கின்றன, ஆட்டோ இல்லை. ஆட்டோவைக் கார் என்றோ லாரி என்றோ சொல்லும். கரும்பு லோடு டிராக்டர் இரண்டு வண்டியாகும். ஐதராபாத் ஐஐஐடி உருவாக்கிய இந்திய ஓட்டுநர் தரவுத் தொகுப்பில் ஆட்டோ தனி வகையாக உண்டு. அதில் தொடங்கி, உங்கள் சந்திப்பின் படங்கள் ஓராயிரமாவது நீங்களே குறித்துச் சேருங்கள். சோதனைக்கு வேறொரு நாளின் பதிவை வையுங்கள். ஒரே நிமிடத்தின் அடுத்தடுத்த ஃபிரேம்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் 98 சதவீதம் துல்லியம் வரும். சாலையில் அது நிற்காது. கடைசியாக, கணினி 'ஆபத்து' என்று குறித்த ஒவ்வொரு துண்டையும் ஐந்து விநாடி ஓடவிட்டு ஒரு மனிதர் பார்த்தே தீர வேண்டும்.

கே: தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறார்கள் என்கிறார்கள். கேமரா அதைக் கண்டுபிடிக்குமா?
(லாரி உரிமையாளர், தருமபுரி)

கியரைக் கேமரா பார்க்க முடியாது, விளைவைப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் நாலு பேர் இறந்த தொடர் மோதல் கேமராவில் பதிவாகி நாடெங்கும் பரவியது. அந்தப் பதிவு ஒரு முடிவைக் காட்டியது. ஆய்வுக்கு வேண்டியது அதற்கு முந்தைய சில கிலோமீட்டர்.

25 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 24.5 மெகாஜூல், 78 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் முழுதும் பிரேக் டிரம்மில் இறங்குகிறது. டிரம் சூடேறி விரிகிறது, லைனிங் பிடி இழக்கிறது, மறுபடி மறுபடி மிதிப்பதில் ஏர் பிரஷரும் குறைகிறது. பாலத்துக்கு வரும்போது மிதித்தாலும் பிடிக்காது.

எனவே கேமரா இரண்டு விஷயங்களை அளக்கலாம். ஒன்று, இரண்டு இடங்களுக்கு நடுவே சராசரி வேகம். 2 கி.மீ. இறக்கத்தை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடக்க 240 விநாடி ஆகும். 144 விநாடியில் கடந்த லாரி 50 கி.மீ. வேகத்தில் வந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அளந்தால் கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டு, தாண்டியதும் விட்டுவிடுவார்கள். சராசரியை அப்படி ஏமாற்ற முடியாது. மற்றொன்று, இரவில் பின்பக்கப் பிரேக் விளக்கு. விட்டு விட்டு எரிந்தால் ஓட்டுநர் கியரில் இறங்குகிறார். அரை நிமிடத்துக்கு மேல் அணையாமல் எரிந்தால் முழு எடையையும் பிரேக்கே சுமக்கிறது. இது வழக்குக்கு ஆகாது, எச்சரிக்கைக்கு ஆகும். மேலே முதல் பகுதியிலேயே கண்டுபிடித்து, அடுத்த மின்பலகையில் வண்டி எண்ணோடு 'கியரைக் குறை, ஓரம் நிறுத்து' என்று காட்ட வேண்டும். பாலத்தருகே காட்டிப் பயனில்லை. பலகையைத் தாண்டியதும் லாரி ஒதுங்கி நிற்க இடமும் இருக்க வேண்டும்.

கே: அப்படியானால் இதெல்லாம் அபராதம் போடத்தானே?
(தொழிற்சாலை ஊழியர், ஓசூர்)

இல்லை. அபராதக் கேமராவுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவும், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்ந்த 167ஏ விதியும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று, கண்காணிப்பு இருப்பதைச் சொல்லும் பலகை, 15 நாளுக்குள் அறிவிப்பு எல்லாம் அதில் கட்டாயம். ஆய்வுக் கேமராவுக்கு உங்கள் வண்டி எண் தேவையே இல்லை. முகத்தையும் பிளேட்டையும் மங்கலாக்கி, வண்டியின் வகை, பாதை, வேகம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சரிபார்ப்பு முடிந்ததும் வீடியோவை அழித்துவிடுவதே முறை. இரண்டு வேலையையும் ஒரே கேமராவில் கலக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அபராதம் வரும் என்று தெரிந்ததும் மக்கள் அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி ஓட்டுவார்கள். சாலையின் உண்மையான குறை தெரியாமல் போகும்.

கே: பனியிலும் மழையிலும் இரவிலும் கேமரா என்ன பார்க்கும்?
(பால் வண்டி ஓட்டுநர், தேன்கனிக்கோட்டை)

சாதாரணக் கேமரா குறைவாகவே பார்க்கும். ஹெட்லைட் வெளிச்சம் பரவி இரண்டு பைக்குகள் ஒரு காராகத் தெரியும்; ஈரச் சாலையில் பிரதிபலிப்பும் ஒரு வண்டியாகிவிடும். வெப்பக் கேமரா இருட்டில் நன்றாக வேலை செய்யும், லேசான பனியிலும் உதவும், அடர்ந்த பனியில் அதுவும் தடுமாறும். விலை பல மடங்கு. முதலில் தெருவிளக்கைச் சரிசெய்வது மலிவு, அதனால் ஓட்டுபவருக்கும் கண் தெரியும். கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸை மூடும். மாதம் ஒருமுறை துடைக்க ஆள் வேண்டும். காற்றிலோ குரங்கு ஏறியோ கேமரா கொஞ்சம் திரும்பினாலும் அளவீடு எல்லாம் போச்சு. அன்றன்று ஒரு ஃபிரேமைப் பழைய படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

கே: எங்கள் பிள்ளைகள் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து பள்ளிக்கு வருகிறார்கள். சுரங்கப்பாதை கேட்டால் 'தேவை இருப்பதற்கு ஆதாரம் கொடுங்கள்' என்கிறார்கள். என்ன கொடுப்பது?
(ஆசிரியை, காரிமங்கலம்)

நான்கு எண்கள் கொடுங்கள், டீச்சர்: கடப்பவர்கள் மணிக்கு எத்தனை பேர், சராசரியாக எத்தனை விநாடி காத்து நிற்கிறார்கள், வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளி எவ்வளவு, நடுவில் ஓட வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர்.

தேவையான இடைவெளியைக் கணக்கிடலாம். ஒரு பக்கச் சாலை ஓரத்தோடு சேர்த்து 10 மீட்டர் என்று வைப்போம். பெரியவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடந்தால் 8 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். சிறுபிள்ளைக்கு 0.9 மீட்டர் என்றால் 11 விநாடி. அந்த 11 விநாடியில் 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் 244 மீட்டர் வந்துவிடும். வண்டி அவ்வளவு தொலைவில் இருக்கும்போதே பிள்ளை சாலையில் இறங்கியாக வேண்டும். அந்த வண்டியின் வேகத்தை அத்தனை தூரத்தில் கணிப்பது பெரியவர்களுக்கே கடினம். காலை 8 முதல் 9.30 வரை ஐந்து பள்ளி நாட்கள் பதிவு செய்து, 11 விநாடிக்கு மேற்பட்ட இடைவெளி எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். செவ்வாய்க்கிழமையைத் தனியாகக் காட்டுங்கள். எதிர்த்திசையில் வரும் டூவீலர்களையும் எண்ணுங்கள்: எங்கிருந்து ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று வரைந்தால், அடுத்த யூ-டர்ன் எவ்வளவு தொலைவு என்பதால்தான் அப்படி வருகிறார்கள் என்று பெரும்பாலும் தெரியவரும். அந்த வரைபடத்தை, காவல் நிலையம் 'ஐராட்' செயலியில் பதிந்த விபத்து இடங்களோடு ஒரே தாளில் வைத்து, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுங்கள். கோரிக்கை மனுவைவிட அது வலுவாகப் பேசும்.

கே: ஆய்வு முடிந்து ஆபத்தான இடம் தெரிந்துவிட்டது. பிறகு என்ன செய்வது? எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் வேகத்தடைதான் போடுகிறார்கள்.
(ஊராட்சி உறுப்பினர், காவேரிப்பட்டணம்)

மோதல் எந்த வடிவம் என்று பார்த்த பிறகுதான் மருந்து. நேராக வருபவரும் வலது திரும்புபவரும் மோதப் பார்க்கிறார்கள் என்றால் சிக்னலில் வலது திருப்பத்துக்குத் தனி நேரம். பஸ் நிறுத்தத்தைச் சுற்றி டூவீலர்கள் வெளியே விலகுவதால் என்றால் நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி 50 மீட்டர் தள்ளுவது. மஞ்சள் விளக்கில் பின்னால் இடிப்பது அதிகம் என்றால் மஞ்சள் நேரத்தை அளவிடுங்கள்: 50 கி.மீ. வேகச் சாலைக்கு குறைந்தது 3.3 விநாடி வேண்டும், 2 விநாடி வைத்திருந்தால் யார் ஓட்டினாலும் திணறுவார்கள். வேகத்தடைதான் தேவை என்றாலும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வட்ட வளைவு. ஒரு முழம் அகலத்தில் கொட்டிய தார் மேடு பைக்கைத் தூக்கி எறியும். அதைத் தவிர்க்க ஓரமாக ஒதுங்குபவர்களைக் கேமராவில் எண்ணலாம்.

நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன் மணல் மூட்டையும் பிளாஸ்டிக் கூம்பும் வைத்து இரண்டு வாரம் சோதியுங்கள். கட்டிய பிறகு, பழகுவதற்கு மூன்று நான்கு வாரம் விட்டு, அதே கேமரா, அதே உயரம், அதே கிழமைகளில் மறுபடி பதிவு செய்யுங்கள். ஆயிரம் வண்டிக்கு எத்தனை தப்பல் என்று ஒப்பிட வேண்டும், மொத்த எண்ணிக்கையை அல்ல; போக்குவரத்து குறைந்த வாரம் எதையும் நன்றாகக் காட்டும். மாற்றம் செய்யாத ஒரு சந்திப்பையும் கூடவே அளந்தால், குறைந்தது உங்கள் வேலையால்தானா என்று தெரியும். மீடியன் இடைவெளியை மூடினால் அங்கே திரும்பியவர்கள் எல்லாம் அடுத்த இடைவெளிக்குப் போவார்கள். ஆகவே இரு பக்கமும் அடுத்து உள்ள இடைவெளிகளிலும், மூடுவதற்கு முன்பே, கேமரா வையுங்கள்.